விவிலியக் குறியீடுகளைச் செபத்தில் கண்டுகொள்ள: கொழும்பில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

தவக்காலத்து ஞாயிறு பூசை. முதல் வாசகத்தில் மோசே பாறையை அடிக்கிறார், தண்ணீர் பாய்கிறது. நற்செய்தியில் சமாரியப் பெண் கிணற்றடியில் இயேசுவைச் சந்திக்கிறாள். இந்த இரண்டையும் ஏன் ஒரே நாளில் வாசித்தார்கள் என்று யோசிப்பதற்குள் காணிக்கைப் பாட்டு தொடங்கிவிடுகிறது. அந்த ‘ஏன்’ மனதில் தங்கிவிட்டவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். திருமுழுக்குக்குத் தயாராகிறவர்களும் சரி, சிறுவயதிலிருந்து கோவிலுக்குப் போயும் வீட்டில் விவிலியத்தைத் திறக்காதவர்களும் சரி, ஒரே இடத்திலிருந்து தொடங்கலாம்.

விவிலியக் குறியீடுகளுக்கான விளக்கம் பெரும்பாலும் விவிலியத்துக்குள்ளேயே கிடக்கிறது. ஒரே பகுதியோடு போதிய நேரம் செபத்தில் இருந்தால் அது கண்ணில் படத் தொடங்கும். தண்ணீர் என்றால் இது, ஏழு என்றால் அது என்று சொல்லும் பட்டியல்களை முதலில் தேடிப் போகாதீர்கள். அப்படிப் போனவர்கள் பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டுச் செபிக்காமலேயே நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் கையில் இருக்க வேண்டியவை

கத்தோலிக்கப் பதிப்பு விவிலியம் ஒன்று. பழைய ஏற்பாட்டில் 46, புதிய ஏற்பாட்டில் 27 என்று மொத்தம் 73 நூல்கள் அதில் இருக்க வேண்டும். 1995இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பை வாங்குவதானால் இணைத்திருமுறை நூல்கள் (புரட்டஸ்தாந்துப் பதிப்புகளில் இல்லாத பழைய ஏற்பாட்டு நூல்கள்) சேர்ந்த பதிப்பா என்று திறந்து பார்த்து வாங்குங்கள். வீட்டில் அம்மம்மாவின் பழைய செபப் புத்தகமும் இருக்கலாம். அதில் இராயப்பர் என்றால் பேதுரு, அருளப்பர் என்றால் யோவான், சின்னப்பர் என்றால் பவுல். இது தெரியாமல் குழம்பிப் போகிறவர்கள் உண்டு.

அப்புறம் ஒரு கொப்பி, ஒரு பேனை. போனில் விவிலியம் வாசிப்பதில் தவறில்லை. ஆனால் செய்திகள் வந்து விழாதபடி இணையத்தை நிறுத்திவிட்டு வாசியுங்கள்.

இடம்தான் கொழும்பில் பெரிய சிக்கல். கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ மாடி வீட்டில் இருப்பவருக்குப் பஸ் ஹோர்ன் இல்லாத நேரம் என்று ஒன்று கிடையாது. விடியற்காலை, வீட்டார் எழும்புவதற்கு முந்திய இருபது நிமிடம் பெரும்பாலானோருக்குச் சரிப்படும். வேலைக்குப் போகிற வழியில் கோவிலுக்குள் ஏறி இருக்க முடிந்தால் அதைவிட நல்லது. கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குச் செவ்வாய்க்கிழமை போனால் சனக்கூட்டம் நிறைந்திருக்கும். அது வேறு வகைச் செபம், அதற்கும் பெறுமதி உண்டு. ஆனால் இந்தப் பயிற்சிக்கு வேறொரு நாளைத் தெரிந்தெடுங்கள். கொட்டாஞ்சேனை புனித லூசியாள் பேராலயம் பெரிய கட்டடம். ஓர் ஓரத்து வாங்கில் அரை மணி நேரம் இருந்தால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

பழைய ஏணி

இந்த முறை புதியதல்ல. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கிகோ என்ற கர்த்தூசியத் துறவி இதை நான்கு படிகள் கொண்ட ஏணியாக எழுதி வைத்தார்: வாசிப்பு, தியானம், செபம், ஆழ்நிலைத் தியானம். ‘லெக்சியோ திவினா’ என்று தியான இல்லங்களில் சொல்வது இதைத்தான். துறவிகளுக்கு மட்டும் உரியது என்று யாரும் ஒதுங்க வேண்டாம். இறைவெளிப்பாடு பற்றி 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ஏடு, விவிலியத்தை அடிக்கடி வாசிக்கும்படியும் அந்த வாசிப்போடு செபத்தைச் சேர்க்கும்படியும் இறைமக்கள் எல்லோரையும் கேட்டுக்கொண்டது.

படிகளை விளக்கிக்கொண்டே போவதைவிட, ஒரு பகுதியை எடுத்துச் செய்து பார்ப்போம். யோவான் 21:1-19. உயிர்த்த இயேசு திபேரியக் கடலோரத்தில் சீடர்களுக்குத் தோன்றும் பகுதி.

படி 1: நடந்தது என்ன என்று பாருங்கள்

சிலுவை அடையாளம் இட்டு, தூய ஆவியாரிடம் ஒரு வரியில் உதவி கேளுங்கள். பிறகு பகுதியை மெதுவாக, முடிந்தால் உதடு அசைய, மூன்று முறை வாசியுங்கள். முதல் முறை கதைக்காக. யார் யார் படகில் இருக்கிறார்கள், எந்த நேரம், யார் முதலில் பேசுகிறார்? ஏழு சீடர்கள். இரவு முழுக்க ஒன்றும் படவில்லை. விடியும்போது கரையில் ஒருவர் நிற்கிறார், யாரென்று இவர்களுக்குத் தெரியவில்லை. வலப்பக்கம் வலையை வீசச் சொல்கிறார். வலை நிறைகிறது. இயேசுவின் அன்புச் சீடர் அவரை அடையாளம் காண்கிறார், பேதுரு கடலில் குதிக்கிறார்.

இந்தப் படியை யாரும் தாண்டிப் போகக் கூடாது. மற்ற எல்லா அர்த்தமும் எழுத்துப் பொருளின், அதாவது வசனம் நேரடியாகச் சொல்வதன், மேல்தான் நிற்கிறது என்பது திருச்சபையின் உறுதியான போதனை. நடந்தது என்ன என்று சரியாகத் தெரியாமல் குறியீடு பேசினால் நம் கற்பனைக்கு விவிலியத்தைச் சாட்சிக்கு அழைப்பதாகிவிடும்.

படி 2: தொட்டுப் பார்க்கக்கூடிய பொருட்களைக் குறியுங்கள்

இரண்டாம் முறை வாசிக்கும்போது கையால் தொடக்கூடிய, கண்ணால் காணக்கூடிய பொருட்களை மட்டும் கொப்பியில் எழுதுங்கள். அன்பு, விசுவாசம், மீட்பு போன்ற சொற்கள் இப்போது வேண்டாம். இந்தப் பகுதியில் என் பட்டியல் இப்படி வரும்: இரவு, விடியல், படகு, வலை, மேலாடை, கரியினால் மூட்டிய தீ, மீன், அப்பம். அதில் எது உங்களை நிறுத்துகிறதோ அதன் கீழ் ஒரு கோடு போடுங்கள். ஒன்றே போதும்.

நாம் தீயை எடுப்போம்.

படி 3: அந்தப் பொருள் வேறு எங்கே வருகிறது என்று தேடுங்கள்

முதலில் அதே நூலுக்குள் தேடுங்கள். யோவான் நற்செய்தியைப் பின்னோக்கிப் புரட்டினால் 18ஆம் அதிகாரத்தில் நிற்பீர்கள். தலைமைக் குருவின் வீட்டு முற்றம். குளிர். பணியாளர்களும் காவலர்களும் கரியினால் தீ மூட்டிக் குளிர்காய்கிறார்கள், பேதுருவும் அவர்களோடு நிற்கிறார். ‘நீயும் அவருடைய சீடன்தானே’ என்ற கேள்வி அந்தத் தீயருகில்தான் வருகிறது. மூன்று முறை மறுத்தபின் சேவல் கூவுகிறது. புதிய ஏற்பாடு முழுவதிலும் கரித்தீ என்று வரும் இடங்கள் இந்த இரண்டே இரண்டுதான்.

இப்போது 21க்குத் திரும்புங்கள். நனைந்த உடையோடு கரையேறும் பேதுருவின் மூக்கில் முதலில் ஏறியது எது? கரி எரியும் வாசம். அவர் மறுத்த இரவின் வாசம் அது. அந்தத் தீயை மூட்டி வைத்திருப்பவர் இயேசு. மேலே அப்பமும் மீனும். முதலில் சாப்பிட அழைக்கிறார். சாப்பாடு முடிந்த பிறகுதான் ‘என்னை அன்பு செய்கிறாயா’ என்று மூன்று முறை கேட்கிறார். மூன்று மறுப்புக்கு மூன்று கேள்வி. பழைய தவறைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, ஆனால் பேதுருவை அந்தத் தவறு நடந்த தீயருகே கொண்டுவந்து நிறுத்தித்தான் குணமாக்குகிறார்.

இதை எந்த அகராதியிலும் ‘தீ’ என்ற தலைப்பில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. அங்கே தூய ஆவியார், தூய்மைப்படுத்தல், தீர்ப்பு என்றெல்லாம் இருக்கும், அவை உண்மையும் கூட. ஆனால் இந்தத் தீ பேதுருவின் தீ. நூலுக்குள் புரட்டிப் பார்த்தவருக்குத்தான் அது தெரியும்.

உங்கள் பதிப்பில் பக்கத்தின் அடியில் ஒத்த வசனங்களின் எண்கள் இருந்தால் அவற்றையும் பாருங்கள். வலை கிழிகிற அளவுக்கு மீன்பிடித்த லூக்கா 5ஐ அவை காட்டக்கூடும். யோவான் 21இல் வலை கிழியவில்லை என்று எழுதியிருப்பதை அதோடு சேர்த்து யோசிக்கலாம்.

மீன்களின் எண்ணிக்கை 153 என்பதில் பலருக்குக் கை அரிக்கும். புனித அகுஸ்தீன் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்: ஒன்றிலிருந்து பதினேழு வரை கூட்டினால் 153 வரும், பதினேழு என்பது பத்துக் கட்டளையும் தூய ஆவியாரின் ஏழு கொடைகளும் என்று. அழகான விளக்கம்தான். ஆனாலும் புதியவர்கள் எண்களைக் கடைசிக்கு வைப்பதே நல்லது. எண் மூளையைப் பிடித்துக்கொள்ளும், செபம் பின்னால் போய்விடும்.

படி 4: காட்சிக்குள் நில்லுங்கள்

லொயோலா புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகளில் கற்றுத்தந்த வழி இது. கண்ணை மூடி அந்த இடத்தை மனதில் அமையுங்கள். முகத்துவாரம் பக்கம் விடியலில் மீன்பிடி வள்ளங்கள் கரையேறுவதைப் பார்த்தவர்களுக்கு அதிக சிரமம் இல்லை: ஈர வலை, உப்புக் காற்று, தூக்கமில்லாத முகங்கள். படகில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? தீயருகே வந்ததும் பேதுருவின் முகத்தைப் பார்க்கிறீர்களா, இயேசுவின் கையைப் பார்க்கிறீர்களா?

கற்பனை இங்கே செபத்துக்குச் சேவகம் செய்கிறது. வசனத்தில் இல்லாத உரையாடல்கள் மனதில் வரலாம், பரவாயில்லை. அவற்றை உங்கள் செபம் என்று வைத்துக்கொள்ளுங்கள், விவிலியம் சொன்னது என்று மற்றவரிடம் சொல்லாதீர்கள்.

படி 5: பேசுங்கள், பிறகு பேசாதிருங்கள்

இதுவரை வேதத்தைப் பற்றி யோசித்தோம். இனி ஆண்டவரோடு பேச வேண்டும். உங்களுக்கும் ஒரு கரித்தீ இருக்கும், நினைத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஓர் இடம். அதை அவரிடம் சொல்லுங்கள். வீட்டில் பேசும் தமிழில், அழகுபடுத்தாமல். அதன்பின் ஐந்து நிமிடம் ஒன்றும் சொல்லாமல் அவர் முன் இருங்கள். மனம் சந்தைக்கும் அலுவலகத்துக்கும் ஓடினால் ‘என்னை அன்பு செய்கிறாயா’ என்ற வரியை மெதுவாகச் சொல்லித் திரும்பி வாருங்கள்.

முடிவில் கொப்பியில் இரண்டு வரி போதும்: எந்தப் பொருள், எந்த வசனங்கள். உணர்ச்சி வந்ததா இல்லையா என்று எழுதத் தேவையில்லை. ஒன்றும் தோன்றாத நாட்கள் வரும். அந்த நாட்களிலும் நேரத்தைக் குறைக்காதீர்கள். அடுத்த நாள் அதே பகுதியை மறுபடி எடுங்கள். ஒரு பகுதிக்கு ஒரு வாரம் கொடுத்தாலும் அதிகமில்லை.

நான்கு பொருள்கள், ஒரே கடல்

இங்கே பொருள் என்பது அர்த்தம். திருச்சபை மரபில் வசனத்துக்கு எழுத்துப் பொருளும், அதன் மேல் மூன்று ஆன்மிகப் பொருள்களும் உண்டு. செங்கடலை எடுத்துக்கொள்ளுங்கள். இஸ்ரயேல் மக்கள் கடந்தார்கள், இது எழுத்துப் பொருள். அது திருமுழுக்கை முன்குறித்தது, 1 கொரிந்தியர் 10இல் பவுலே அப்படித்தான் வாசிக்கிறார். நாமும் நம் அடிமைத்தனத்தை விட்டு வெளியேற வேண்டும், இது வாழ்வுக்கான பொருள். சாவைக் கடந்து வாக்களிக்கப்பட்ட நாட்டுக்குப் போகிறோம், இது விண்ணகத்தை நோக்கிய பொருள். ஒவ்வொரு வசனத்திலும் நான்கையும் பிழிந்தெடுக்க வேண்டும் என்றில்லை. எங்கே பார்க்கலாம் என்று தெரிந்திருந்தால் போதும்.

உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய இரவின் பாஸ்கா திருவிழிப்பில் செங்கடல் வாசகத்தை ஒருபோதும் விடக்கூடாது என்பது வழிபாட்டு ஒழுங்கு. அதே இரவில் திருமுழுக்குத் தண்ணீரை ஆசீர்வதிக்கும் மன்றாட்டைக் காது கொடுத்துக் கேளுங்கள். படைப்பின் தொடக்கத்துத் தண்ணீர், வெள்ளப்பெருக்கு, செங்கடல், யோர்தான், இயேசுவின் விலாவிலிருந்து வடிந்த இரத்தமும் தண்ணீரும் என்று வரிசையாக வரும். தண்ணீர் என்ற குறியீட்டை இதைவிடச் செறிவாகச் சொல்லித்தரும் வேறொரு மன்றாட்டை நான் அறியேன்.

கடலைப் பற்றி நம் நாட்டவர் எல்லோருக்கும் விளங்கும் இன்னொன்று உண்டு. திருவெளிப்பாடு 21இல் புதிய வானமும் புதிய மண்ணும் வரும்போது கடல் இல்லாமற் போயிற்று என்று எழுதியிருக்கிறது. மாலையில் காலிமுகத்திடலில் காற்று வாங்குகிற நமக்கு அது முதலில் வருத்தமாக இருக்கும். 2004 டிசம்பர் 26ஐ நினைத்துக்கொண்டு அதே வசனத்தை வாசித்துப் பாருங்கள். விவிலியத்தில் கடல் பல இடங்களில் ஒழுங்கின்மைக்கும் சாவுக்கும் அடையாளம். பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த தாய்க்கு அந்த வசனம் வாக்குறுதி.

அதுபோலவே 2019 ஏப்ரல் 21. அன்று கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும் செபித்துக்கொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோவிலில் இரத்தம் தெறித்த உயிர்த்த கிறிஸ்துவின் சிலையைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். திருவெளிப்பாடு 5:6ஐத் திறந்து அந்தப் படத்தோடு செபியுங்கள்: கொல்லப்பட்டது போலத் தோன்றும் ஆட்டுக்குட்டி, நின்றுகொண்டிருக்கிறது. பிறகு யோவான் 20:27, உயிர்த்தவரின் உடலில் ஆறாத காயங்கள். இவற்றை அவசரமாக விளக்க முயலாதீர்கள். அந்த நாளில் ஆளை இழந்தவர் பக்கத்தில் இருந்தால் விளக்கவே வேண்டாம், கூட இருந்து செபியுங்கள்.

செபமாலையும் ஒரு வாசல்

தனியாக இருந்து வாசிக்க நேரமில்லாதவர்கள் செபமாலையிலிருந்து தொடங்கலாம். திங்களும் சனியும் மகிழ்ச்சி மறையுண்மைகள். இரண்டாவது, மரியா எலிசபெத்தைச் சந்தித்தது. பத்து மணி சொல்வதற்கு முன் லூக்கா 1:39-56ஐயும் 2 சாமுவேல் 6ஐயும் வாசியுங்கள். இரண்டும் யூதேயாவில் நடக்கின்றன. ஆண்டவரின் பேழை, அதாவது பத்துக் கட்டளைப் பலகைகள் இருந்த உடன்படிக்கைப் பெட்டி, தன்னிடம் வருவது எப்படி என்று தாவீது அஞ்சுகிறார். ‘என் ஆண்டவரின் தாய் என்னிடம் வர நான் யார்?’ என்கிறார் எலிசபெத்து. பேழையின் முன் தாவீது ஆடுகிறார், வயிற்றில் குழந்தை துள்ளுகிறது. பேழை ஓபேது ஏதோம் வீட்டில் மூன்று மாதம், மரியா எலிசபெத்து வீட்டில் ஏறக்குறைய மூன்று மாதம்.

செபமாலை முடிந்ததும் தேவமாதா பிரார்த்தனையில் ‘வாக்குத்தத்தத்தின் பெட்டகமே’ என்று சொல்கிறோமே, அது இந்தப் பேழைதான். ‘பரலோகத்தின் வாசலே’ என்பதைத் தொடக்க நூல் 28இல் யாக்கோபின் கனவோடு சேர்த்து வாசியுங்கள். வேகமாக ஓட்டிவிடும் அந்தப் பிரார்த்தனையில் வாரத்துக்கு ஒரு வரியை எடுத்துத் தியானித்தால் மாதக்கணக்கில் போதும்.

ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்க மதம் தடை செய்யப்பட்டிருந்தபோது, 1687இல் இலங்கை வந்த யோசப் வாஸ் அடிகள் கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு பிச்சைக்காரரைப் போல வீடு வீடாகப் போய்த்தான் நம்மவர்களை அடையாளம் கண்டார். 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். குருக்கள் இல்லாத அந்த ஆண்டுகளில் மக்களோடு இருந்த செபம் அது. எளியவர்களின் செபம் என்று யாரும் குறைவாக எண்ண வேண்டாம்.

சரியாகத்தான் வாசிக்கிறோமா?

ஒரு விளக்கம் தோன்றியதும் மூன்று கேள்வி கேளுங்கள். முழு விவிலியத்தோடு இது ஒத்துப்போகிறதா? திருச்சபை மரபும் வழிபாடும் இப்படி வாசித்திருக்கின்றனவா? நம் விசுவாசத்தின் மற்ற உண்மைகளோடு மோதுகிறதா? முதலாவதும் மூன்றாவதும் கட்டாயம் சரியாக இருக்க வேண்டும். இரண்டாவதற்கு விடை தெரியாவிட்டால் அதை உங்கள் தனிச் செபத்துக்கு உரியதாக வைத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, ஏதேனில் ஆடையின்றி இருந்ததால் ஆதாம் ஒளிந்தான், பேதுருவோ மேலாடையைக் கட்டிக்கொண்டு ஆண்டவரை நோக்கிக் குதித்தார் என்று எனக்குத் தோன்றும். செபிக்க உதவுகிறது. ஆனால் மறைக்கல்வி வகுப்பில் இதைத் திருச்சபையின் போதனை என்று சொல்ல மாட்டேன்.

ஒரு குறியீட்டுக்கு ஒரே பொருள் என்றும் நினைக்காதீர்கள். சிங்கம் திருவெளிப்பாடு 5:5இல் கிறிஸ்து, 1 பேதுரு 5:8இல் அலகை. புளிப்பு மாவு மத்தேயு 13இல் விண்ணரசு, 16இல் பரிசேயரின் போதனை. இடம் பார்த்துத்தான் பொருள்.

கண்ணை மூடி விவிலியத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை வெளிநாட்டு விசாவுக்கும் கலியாணப் பொருத்தத்துக்கும் பதிலாக எடுப்பது செபமல்ல, குறி பார்ப்பது. உலகம் முடியும் நாளைத் திருவெளிப்பாட்டிலிருந்து கணக்குப் போட்டு வட்ஸ்அப்பில் வரும் செய்திகளையும் அப்படியே விட்டுவிடுங்கள். அந்த நாளும் வேளையும் தந்தைக்கு மட்டுமே தெரியும் என்று இயேசு சொல்லிவிட்டார்.

சந்தேகம் இருந்தால் பங்குத்தந்தையிடமோ மறைக்கல்வி சிஸ்டர்மாரிடமோ கேளுங்கள். பூசை முடிந்த அவசரத்தில் வாசலில் மறித்துக் கேட்காமல், கொப்பியோடு நேரம் கேட்டுப் போங்கள். பங்கில் அன்பியக் கூட்டம் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் சிறு குழு) இருந்தால் இன்னும் நல்லது. ஐந்து பேர் ஒரே வசனத்தை வாசித்தால் ஐந்து பொருளில் கண் நிற்கும். போயா விடுமுறை நாளில் அரை நாள் இப்படிச் சேர்ந்து இருக்கலாம்.

அடுத்து எதை எடுப்பது

வரும் ஞாயிறு வாசகங்களைச் சனி மாலையே வாசித்து வையுங்கள். பொதுக்காலத்தில் முதல் வாசகம் நற்செய்திக்குப் பொருந்தும்படி தெரிந்தெடுக்கப்பட்டது. எந்தப் பொருள் இரண்டையும் இணைக்கிறது என்று தேடுவதே அந்த வாரத்துப் பயிற்சி. பாஸ்கா காலத்தில் முதல் வாசகம் திருத்தூதர் பணிகளிலிருந்து வருவதால் அங்கே இதைத் தேட வேண்டாம்.

யோவான் 21 முடிந்தால் யோவான் 4. கிணற்றடியில் ஆணும் பெண்ணும் சந்திக்கும் மற்ற இடங்களை, தொடக்க நூல் 24, 29, விடுதலைப் பயணம் 2 ஆகியவற்றை, அதற்கு முன் வாசித்துவிடுங்கள். மூன்றும் திருமணத்தில் முடிகின்றன. அதன்பின் யோவான் 9, 11. ஞாயிறு வாசகங்களின் மூன்று ஆண்டுச் சுற்றில் முதலாம் ஆண்டுத் தவக்காலத்தில், திருமுழுக்குக்குத் தயாராகிறவர்களுக்காகத் தண்ணீர், ஒளி, உயிர் என்று திருச்சபை இந்த மூன்று அதிகாரங்களையும் அடுத்தடுத்த ஞாயிறுகளில் வைத்திருக்கிறது. திருவெளிப்பாடு நூலை முழுதாக எடுப்பது எல்லாவற்றுக்கும் பிறகு. எடுக்கும்போது எசேக்கியேல் முதல் அதிகாரத்தை வாசித்துவிட்டு நேரே திருவெளிப்பாடு 4க்குப் போங்கள். அந்த நான்கு உயிர்களும் எங்கிருந்து வந்தன என்று நீங்களே கண்டுகொள்வீர்கள்.